தெருவில் 120 பேர் நடக்கிறார்கள், ஊருக்கு மட்டும் உயிர் வரவில்லை

சிவாஜிநகர்_ஸ்டுடியோ கேட்டது:

வணக்கம். பெங்களூரு சிவாஜிநகரை அடிப்படையாக வைத்து ஒரு திறந்த உலக விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். மூன்று பேர் குழு, விளையாட்டு உருவாக்க யூனிட்டி எஞ்சின். வரைபடம் பெரியதில்லை: ரஸ்ஸல் மார்க்கெட் சதுக்கம், புனித மரியன்னை பேராலயம், பேருந்து நிலையத்தின் ஒரு வாசல், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் போகும் இரண்டு சந்துகள். மொத்தம் 400 மீட்டருக்கு 350 மீட்டர். கட்டடங்கள் முடிந்துவிட்டன. பெயர்ப்பலகை முதல் தொங்கும் கேபிள் வரை பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறோம்.

தெருவில் 120 பேர். நாவ்மெஷ்ஷில் (நடக்கக்கூடிய பரப்பைக் குறிக்கும் வரைபடம்) ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து நடப்பார்கள், சேர்ந்ததும் 3 நொடி நிற்பார்கள், பிறகு அடுத்த புள்ளி. ஆட்டோ, பைக் எல்லாம் சேர்த்து 25, முன்பே வரைந்த பாதையில் ஓடும். நிஜத்தில் 24 நிமிடம் ஓடினால் விளையாட்டில் ஒரு நாள். பின்னணிக்கு 60 நொடி சந்தை இரைச்சல், ஒரே லூப்.

ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "அழகா இருக்கு, ஆனா கொலு பொம்மை மாதிரி இருக்கு." ஆள் போதவில்லையோ என்று 200 ஆக்கினேன். இன்னும் மோசமாகத் தெரிகிறது, ஃபிரேம் வேகமும் (நொடிக்கு எத்தனை படம்) 60இலிருந்து 41க்கு இறங்கிவிட்டது.

ஒவ்வொருவருக்கும் முழு நாள் அட்டவணை எழுத வேண்டுமா? முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

---

டீக்கடை_பெஞ்சு:

எண்ணிக்கையைத் தொடாதீங்க. "ஏதாவது ஒரு புள்ளி"ன்னு எழுதியிருக்கீங்களே, கோளாறு அங்கதான். வேலை இல்லாம நடக்கிற ஆளை மனுசக் கண்ணு அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிடும். 200 பேர் ஆனதும் மோசமாத் தெரிஞ்சதுக்கு அதான் காரணம். சும்மா அலையிறவங்க இன்னும் 80 பேர் சேர்ந்தாங்க, அவ்வளவுதான்.

ஆளை வச்சு யோசிக்காம, இடத்தை வச்சு எழுதுங்க. அன்ரியல்ங்கிற இன்னொரு எஞ்சின்ல இதுக்கு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்னு பேரு. யூனிட்டியில விவரம் வைக்க ஒரு ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்டும், அதை நிர்வகிக்க ஒரு சின்ன மேனேஜர் ஸ்கிரிப்டும் இருந்தாப் போதும். ஒவ்வொரு கடையும், திண்ணையும், பஸ் நிறுத்தமும் "என்கிட்ட இத்தனை காலி இடம் இருக்கு"ன்னு அறிவிக்கணும். ஆளுங்க அதைப் பார்த்துக் கிளம்பணும்.

ஒரு டீக்கடையை எடுத்துக்குவோம். 9 இடம் வைங்க: மாஸ்டர் 1, கல்லா 1, பெஞ்சுல 3, நின்னு குடிக்க 3, பார்சலுக்கு 1. ஒவ்வொரு இடத்துக்கும் நிற்கிற புள்ளி, முகம் பார்க்கிற திசை, அசைவு, குறைஞ்ச நேரம், கூடின நேரம், எந்த வேளைக்கு அது திறந்திருக்கும்ங்கிற விவரம் வேணும். நின்னு குடிக்கிறவருக்கு 35 முதல் 70 நொடி, பார்சலுக்கு 12 முதல் 20 நொடி. நின்னு குடிக்கிற மூணு பேரும் கடையைப் பார்த்து நிக்கக் கூடாது. ஒருத்தர் ரோட்டைப் பார்க்கணும், ஒருத்தர் பக்கத்து ஆளைப் பார்க்கணும், ஒருத்தர் போனைப் பார்க்கணும். குடிச்சு முடிச்சதும் கிளாஸை மேடையில வைக்கணும், சட்டைப் பையில கை விடணும், காசு கொடுக்கணும், அப்புறம்தான் நகரணும். அந்த நாலு நொடியை விட்டுடாதீங்க. கிளாஸ் கையிலேயே மறைஞ்சு போனா மொத்தக் கடையும் பொய்யாயிடும்.

இதுல வழக்கமா மூணு இடத்துல அடி விழும். வந்து சேர்ந்த பிறகு இடத்தைப் பிடிச்சா, ரெண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து ஒருத்தருக்குள்ள ஒருத்தர் நுழைவாங்க. அதனால கிளம்பும்போதே பிடிக்கணும். ரெண்டாவது, ஆளை நீக்கும்போது இடத்தை விடுவிக்க மறந்தா, சாயங்காலத்துக்குள்ள புரோகிராம் கணக்குல கடை நிரம்பியிருக்கும், கண்ணுக்குக் காலியா இருக்கும். குத்தகை மாதிரி கெடு வைங்க: நடக்கிற நேரம், கூடின நேரம், மேல 60 நொடி. கெடு முடிஞ்சா இடம் தானாத் திறக்கட்டும். மூணாவது, வேளை மாறின அந்த நொடியே எல்லாரும் ஒண்ணா எழுந்திருக்கிறது. ஆளுக்கு 0 முதல் 40 நொடி வரை தாமதம் போடுங்க.

அட்டவணை எல்லாருக்கும் வேண்டாம். 1992ல வந்த அல்டிமா 7 விளையாட்டுல ஊர்க்காரங்க வேலைக்குப் போய், சாப்பிட்டு, தூங்கினாங்க. 1999ல ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த ஷென்மூவில யோகோசுகா ஊர்க் கடைகள் நேரத்துக்குத் திறந்து மூடும். 2006ல ஆப்லிவியன் இதையே பெரிய அளவுல செஞ்சுது. ஆனா அங்க எல்லாம் நீங்க நின்னு பேசுற, பேர் தெரிஞ்ச ஆட்கள். உங்களுக்கு அப்படி 12லேர்ந்து 15 பேர் போதும்: பூ கட்டுற அம்மா, ஏடிஎம் வாட்ச்மேன், பேராலய வாசல்ல மெழுகுவத்தி விக்கிறவர், மார்க்கெட் சுமைக்காரர், இப்படி. தினமும் அதே மூலையில அதே முகம் இருந்தா, மிச்ச 100 பேரும் ஊர்க்காரங்கன்னு மனசு தானே நம்பிடும்.

இன்னொண்ணு, உங்க 24 நிமிஷ நாள். நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்துல 200 மீட்டர் நடக்க 143 நொடி. உங்க கடிகாரத்துல அது 2 மணி 23 நிமிஷம். 9 மணிக்குக் கிளம்பின ஆள் 11:23க்குக் கடைக்குப் போவார். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்லயும் ஒரு நாள் 24 நிமிஷம்தான், ஆனா அங்க தெருவுல போறவங்களுக்கு அட்டவணை கிடையாது. ஜிடிஏ 5ல 48 நிமிஷம், ஸ்கைரிம்ல 72 நிமிஷம். நீங்க 60க்குப் போங்க. அப்பவும் மணிக் கணக்குல எழுதாதீங்க. விடியல், காலை, உச்சி, மாலை, ராத்திரி, சாமம்னு ஆறு வேளையாப் பிரிச்சு, வேளைக்கு எந்த இடம் எத்தனை விழுக்காடு நிரம்பணும்னு மட்டும் எழுதுங்க. விடியல்ல மார்க்கெட் பின்வாசல் 90, டீக்கடை 70, துணிக்கடை சந்து 5. மாலையில துணிக்கடை சந்து 95, மார்க்கெட் பின்வாசல் 10. இது சரியா விழுந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

---

ஃபிரேம்_காவல்:

மேலே சொன்னதை ஃபிரேம் கீழே போகாமல் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால், ஒரு ஃபிரேமுக்கு உங்களிடம் இருப்பது 16.6 மில்லிநொடி. கூட்டத்துக்கு அதில் 3.5க்கு மேல் தராதீர்கள்: முடிவெடுக்க 0.5, பாதை 1, அசைவு 1.5, மீதி 0.5. 120 பேரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் யோசிக்கத் தேவையில்லை. நொடிக்கு 4 முறை போதும். அப்படியானால் ஃபிரேமுக்கு 8 பேர்தான். வரிசை போட்டுச் சுழற்றுங்கள்.

அடுத்து மூன்று வளையம். கேமராவிலிருந்து 18 மீட்டர் வரை முழு அறிவுள்ளவர்கள், அதிகபட்சம் 25 பேர். 18 முதல் 60 மீட்டர் வரை 60 பேர்: ஒருவரை ஒருவர் விலகும் கணக்கை நிறுத்திவிடுங்கள், அசைவு நொடிக்கு 15 முறை. அதற்கு அப்பால் வெர்டெக்ஸ் (உருவத்தின் மூலைப் புள்ளி) அசைவை டெக்ஸ்சர் படத்தில் பதித்த பொம்மைகள், இன்ஸ்டன்ஸிங்கில் (ஒரே உருவத்தின் பல நகல்களை ஒரே முறையில் வரைவது). 1,200 வெர்டெக்ஸ், 24 ஃபிரேம் கொண்ட ஒரு நடைக்கு, வெர்டெக்ஸுக்கு 8 பைட் வீதம், 225 கேபிதான் ஆகும். அங்கே 150 பேரை வைத்தாலும் சிபியு கண்டுகொள்ளாது. பெரிய குழுக்களும் இதைத்தான் செய்கின்றன. 2014இல் வந்த அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி விளையாட்டின் பாரிஸ் கூட்டம் 10,000 பேர் வரை போகும். அதில் உண்மையான அறிவு ஓடுவது 40 பேருக்குத்தான்.

ஆளை உருவாக்குவதும் நீக்குவதும்தான் பெரும்பாலும் குட்டை உடைக்கும். கண்ணில் படும் இடத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள். சந்து முனை, கடையின் உள் வாசல், பேருந்தின் கதவு, மார்க்கெட் தூண் மறைவு என்று 30 முதல் 40 பிறப்பிடங்களைக் கையால் குறித்து வையுங்கள். 70 மீட்டருக்குள் உருவாக்கினால் நீக்குவது 90 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். இரண்டும் ஒரே தூரமானால் எல்லையில் நிற்பவர் மினுக்குவார். பார்வையிலிருந்து விலகிய பின்னும் 10 நொடி உயிரோடு வைத்திருங்கள். ஆடுபவர் திரும்பிப் பார்க்கும்போது, சற்று முன் தோளில் உரசிய ஆள் அங்கேயே இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது போலீஸ் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் முளைத்ததை எல்லோரும் கவனித்தார்கள். 2023 செப்டம்பரின் 2.0 பதிப்பில்தான் போலீஸ் அமைப்பையே மாற்றி எழுதினார்கள்.

ஒரே முகம் இரண்டு முறை தெரிவதைத் தடுக்க ரேண்டம் எண் உதவாது. சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, எல்லாம் தீர்ந்த பிறகே மறுபடி கலைக்க வேண்டும். 30 மீட்டருக்கு அப்பால் முகம் தெரியாது, வெளிக்கோடுதான் தெரியும். எனவே சட்டை நிறங்களை அதிகமாக்குவதை விட லுங்கி, சேலை, புர்கா, ஹெல்மெட், தலைச்சுமைக் கூடை, குடை என்று உருவத்தை மாற்றுங்கள். பத்தில் நான்கு பேர் கையில் ஏதாவது இருக்கட்டும்: காய்ப் பை, டிபன் கேரியர், மடித்த செய்தித்தாள்.

யூனிட்டிக்கே உரிய சில. நாவ்மெஷ் ஏஜெண்டுகளின் (நடக்கும் ஆட்களின்) அவாய்டன்ஸ் ப்ரயாரிட்டி, அதாவது விலகும் முன்னுரிமை எண், எல்லோருக்கும் 50 என்றே இருக்கும். அப்படியே விட்டால் குறுகிய சந்தில் இருவர் எதிரெதிரே வந்து, இவர் ஒரு பக்கம் ஒதுங்க அவரும் அதே பக்கம் ஒதுங்க, நடனமாடுவார்கள். 30 முதல் 70க்குள் கலைத்துக் கொடுங்கள். எண் சிறியதானால் அவருக்கு முன்னுரிமை. நடை வேகம் நொடிக்கு 1.0 முதல் 1.6 மீட்டர் வரை பரவட்டும். அனிமேட்டரின் வேகத்தையும் அதே விகிதத்தில் மாற்றாவிட்டால் கால் வழுக்கும். சைக்கிள் ஆஃப்செட்டை (நடை அசைவு தொடங்கும் புள்ளி) ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லையென்றால் தெருவே அணிவகுப்பாகும். மூவரில் ஒருவராவது துணையோடு நடக்கட்டும். ஜோடியை இரண்டு ஏஜெண்டாக ஓட்டாமல் ஒரே ஏஜெண்டின் இரு பக்கமும் ஒட்டி ஓட்டினால் பிரச்சினை குறைவு.

---

கியர்_நாலு:

வண்டியைப் பத்தி யாரும் சொல்லலை, அதனால நான். முன்பே வரைந்த பாதையில ஓடுற வண்டி பெங்களூரு மாதிரி இருக்கவே இருக்காது. ட்ராக்ல போற ரயில் மாதிரி இருக்கும்.

முன்னாடி போற வண்டியைப் பின்தொடர, ட்ரைபர், ஹென்னெக்கே, ஹெல்பிங் மூணு பேரும் 2000த்துல வெளியிட்ட இன்டெலிஜென்ட் டிரைவர் மாடல் போதும். தேவையான இடைவெளி = நிற்கும் இடைவெளி + வேகம் × தலைநேரம் (முன்வண்டிக்குப் பின்னால விடுற நேர இடைவெளி) + (வேகம் × வேக வித்தியாசம்) ÷ (2 × √(முடுக்கம் × பிரேக்)). நகரத்துக்கு வழக்கமா எடுக்கிற மதிப்பு: விரும்பும் வேகம் மணிக்கு 54 கி.மீ., தலைநேரம் 1 நொடி, நிற்கும் இடைவெளி 2 மீட்டர், முடுக்கம் 1, பிரேக் 1.5. சிவாஜிநகருக்கு இது ரொம்ப மரியாதையான ஓட்டம். வேகத்தை 25க்குக் குறைங்க, நிற்கும் இடைவெளி ஆட்டோவுக்கு 0.8, பைக்குக்கு 0.4, தலைநேரம் 0.7.

லேனை மறந்துடுங்க. 7 மீட்டர் ரோட்டை 0.9 மீட்டர் பட்டையா 7 பங்கு போடுங்க, மிச்சம் ஓரம். பைக்குக்கு 1 பட்டை, ஆட்டோவுக்கும் காருக்கும் 2, பஸ்ஸுக்கு 3. ஒவ்வொரு வண்டியும் முன்னாடி 10 மீட்டர்ல எந்தப் பட்டை காலின்னு அரை நொடிக்கு ஒரு தடவை பார்த்து நகரட்டும். சிக்னல்ல பைக்குகள் தானாவே இடுக்குல நுழைஞ்சு முன்வரிசைக்கு வந்துடும். அந்த ஒரு காட்சி வந்துட்டா எந்த ஊருன்னு சொல்லவே வேண்டாம்.

ஹாரனை ரேண்டமா அடிக்காதீங்க. காரணம் வேணும். பச்சை விழுந்து 0.8 நொடியில இரண்டாவது வரிசை ஒரு தடவை. பார்வை மறையுற சந்து முனைக்கு 8 மீட்டர் முன்னாடி கட்டாயம் ஒரு தடவை. 4 நொடியா நகரலைன்னா ஒரு தடவை, அப்புறம் 5 முதல் 9 நொடிக்கு ஒண்ணு. ஆட்டோவுக்கு இன்னொரு பழக்கம் கொடுங்க: காலியாப் போறப்ப ஓரத்துல நிக்கிற ஆளைப் பார்த்து வேகம் குறைச்சு, 1 நொடி தயங்கி, ஆள் கை காட்டலைன்னா போயிடணும். ஆள் பக்கம் தலையை ஆட்டுற அசைவு ஒண்ணு வேணும்.

வண்டி சிக்கிக்கிட்டா: 6 நொடியில பட்டை மாத்தணும், 12 நொடியில 2 மீட்டர் ரிவர்ஸ், 20 நொடி தாண்டி, கேமராவுலயும் படலைன்னா மட்டும் நீக்கணும். இது இல்லைன்னா ஆடுறவர் ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்தின உடனே வரைபடக் கடைசி வரைக்கும் வரிசை நின்னுடும்.

---

சிவாஜிநகர்_ஸ்டுடியோ:

மிக்க நன்றி. இடங்களை அறிவிக்கும் முறையை டீக்கடையிலிருந்தே தொடங்குகிறோம். நாளின் நீளத்தையும் 60 நிமிடமாக்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் ஆட்கள் எல்லோரும் தமிழில் மட்டும் பேசுகிறார்கள். அது பொய்யாகத் தெரியுமா? ஆடுபவர் யாரையாவது இடித்தால் 10 மீட்டர் சுற்றளவில் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிகிறார்கள், அதை எப்படிப் பிரிப்பது?

---

ஒலித்தட்டு:

தமிழ் மட்டும் பேசினால் நிச்சயம் பொய்யாகத் தெரியும். அந்தத் தெருவில் தக்கணி உருது, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள்ளேயே கலந்து ஓடும். ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டு மொழி ஒன்று, கடை மொழிகள் இரண்டு என்று எண்ணில் குறித்து வையுங்கள். பேசும்போது கேட்பவரின் மொழியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பூக்காரம்மா பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழ், போலீஸிடம் கன்னடம், பர்தா வாங்க வந்த வாடிக்கையாளரிடம் உருது பேசினால், அவர் எத்தனை வருடமாக அங்கே கடை போட்டிருக்கிறார் என்பதை விளக்கவே வேண்டாம். பலகைகளையும் ஒருமுறை பாருங்கள்: 2024 சட்டத் திருத்தப்படி கர்நாடகத்தில் வணிகப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். கதை எந்த ஆண்டில் நடக்கிறதோ அதற்கேற்ப எழுத்து மாறும்.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் குறைந்தது 6 மாற்று வசனம் வேண்டும். அதே வசனம் 10 நிமிடத்துக்கு மறுபடி வரக் கூடாது, அதே ஆள் 40 நொடிக்குள் மறுபடி பேசக் கூடாது, 15 மீட்டர் வட்டத்துக்குள் 6 நொடிக்கு ஒரு குரல்தான். இந்த மூன்று பூட்டும் இல்லாததால்தான் விளையாட்டுகளில் ஒரே வசனம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போகிறது.

60 நொடி லூப்பை இன்றே தூக்கிவிடுங்கள். காது மூன்றாவது சுற்றில் அதைப் பிடித்துவிடும், குறிப்பாக அதில் ஓர் இருமலோ கத்தலோ இருந்தால். அதற்குப் பதில் 37, 53, 71 நொடி நீளத்தில் மூன்று அடுக்கு: தூரத்து வண்டி இரைச்சல், சொல் புரியாத பேச்சு, பறவையும் காற்றும். மூன்றும் ஒன்றாக மறுபடி தொடக்கத்துக்கு வர 38 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனியாகக் கேட்கும் ஒலி எதையும் இந்த அடுக்குகளில் வைக்காதீர்கள். அவற்றைத் தெருவில் இடம் பார்த்துப் பொருத்துங்கள்: மீன் வெட்டும் கத்தி, தராசுத் தட்டு, ஷட்டர் தூக்கும் சத்தம், இரண்டாம் மாடியில் குக்கர் விசில். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வரும் ஒலிதான் ஊரைப் பெரிதாக்கும். நீங்கள் கட்டாத நான்காவது தெருவை அந்தக் குக்கர் விசில் கட்டிக் கொடுக்கும். சந்துக்குள் நுழைந்ததும் பெருந்தெரு இரைச்சலை 1,200 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி 6 டெசிபல் இறக்குங்கள். மாற்றம் 0.7 நொடியில் நடக்கட்டும். பட்டென்று நடந்தால் கதவு மூடியது போலிருக்கும்.

வேளையை ஒலி சொல்லட்டும். மசூதியின் பாங்கு, பேராலய மணி, காலை ஷட்டர்கள். பேராலயத் திருவிழா செப்டம்பர் 8; அதற்கு முந்தைய நாட்களில் காவி உடுத்தவர்கள் தெருவில் கூடுவார்கள். உங்கள் விளையாட்டில் நாட்காட்டி இருந்தால், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தனி அடுக்கும் தனி உடைகளும் செய்வது வீண்போகாது.

---

டீக்கடை_பெஞ்சு:

எல்லாரும் ஒண்ணா குனியிற விஷயம். ஒரே நிகழ்வை எல்லாருக்கும் ஒரே ஃபிரேம்ல அனுப்புறீங்க, அதான். மூணு திருத்தம் போடுங்க.

முதல்ல, யார் பார்த்தது, யார் கேட்டதுன்னு பிரிங்க. 120 டிகிரி பார்வைக்குள்ள இருக்கிறவருக்கு 0.2 முதல் 0.5 நொடித் தாமதம், முதுகு காட்டி நிக்கிறவருக்கு 0.6 முதல் 1.2. பின்னாடி நிக்கிறவர் சம்பவத்தைப் பார்த்துத் திரும்பக் கூடாது, பக்கத்து ஆள் திரும்பினதைப் பார்த்துத் திரும்பணும். அப்பதான் அலை மாதிரி பரவும்.

ரெண்டாவது, படி வைங்க: தலை திரும்புறது, நகர்ந்து வழிவிடுறது, ரெண்டு வார்த்தை திட்டுறது, கடைசியாத்தான் ஓட்டம். லேசா இடிச்சா 3 மீட்டருக்குள்ள ரெண்டு பேர் பார்த்தாப் போதும். மார்க்கெட்ல தோள் இடிக்கிறது ஒரு சம்பவமே இல்லை. காய்க் கூடை சரிஞ்சா அது சம்பவம். கூடை சரிஞ்சா ஒருத்தர் குனிஞ்சு தக்காளி பொறுக்கணும், ஒருத்தர் "பார்த்துப் போப்பா"ன்னு சொல்லணும், மிச்சப் பேர் சுத்திப் போகணும். உதவி செய்றதை நிறைய விளையாட்டுல வைக்கிறதே இல்லை, பயத்தை மட்டும் எழுதி வைக்கிறாங்க. நம்ம தெரு அப்படி இல்லை.

மூணாவது, முடிஞ்ச பிறகு தடம் இருக்கணும். சிதறின தக்காளி ஒரு வேளை முழுக்கக் கிடக்கட்டும், மேல வண்டி ஏறினா நசுங்கட்டும். இடி வாங்கின ஆளுக்கு ஒரு அடையாள எண் கொடுத்து, அதே உருவத்தோட மறுநாளும் அதே கடையில நிறுத்துங்க, ஆடுறவரைப் பார்த்து முறைக்கட்டும். 2020ல வந்த வாட்ச் டாக்ஸ் லீஜன் இதைத்தான் செஞ்சுது: நீங்க கவனிக்கிற வரைக்கும் அவர் யாரோ ஒருத்தர், கவனிச்ச பிறகுதான் வேலை, உறவு எல்லாம் எழுதப்படும். முன்கூட்டியே 120 பேருக்கும் எழுத வேண்டியதில்லை.

மழையையும் இதே முறையில செய்யலாம். தூறல் விழுந்ததும் கடை ஓரக் கூரைகளும் மேம்பாலத்துக்குக் கீழேயும் "ஒதுங்கும் இடம்"னு அறிவிக்கட்டும். பைக்ல வர்றவங்க பாலத்தடியில கும்பலா நிப்பாங்க, தள்ளுவண்டிக்காரர் நீல பிளாஸ்டிக்கை இழுத்து மூடுவார். மழை விட்டு 20, 30 நொடி கழிச்சுத்தான் ஒவ்வொருத்தரா கிளம்பணும்; முதல்ல கையை வெளிய நீட்டிப் பார்க்கிறவர் ஒருத்தர் வேணும்.

வீட்டு ஜன்னல் விளக்கு ஒரே நேரத்துல எரியாம, ஒவ்வொண்ணுக்கும் விளையாட்டுக் கடிகாரத்துல அரை மணி முன்ன பின்ன வைங்க. பத்துல ரெண்டு ஜன்னல் எரியவே வேண்டாம்.

---

ஃபிரேம்_காவல்:

ஒவ்வொரு பதிப்பையும் சோதிக்க ஒரு வழி. ஆடுபவரையே எடுத்துவிட்டு, சதுக்கத்தில் ஓர் அசையாத கேமராவை ஆள் உயரத்தில் வைத்து, ஒவ்வொரு வேளையிலும் 3 நிமிடம் பதிவு செய்யுங்கள். வெளிச்சத்தை எல்லாப் பதிவிலும் நண்பகலாகவே பூட்டிவிடுங்கள். ஒலியும் வேண்டாம். இந்த ஊரைத் தெரிந்த ஒருவரிடம் ஆறு பதிவையும் கலைத்துக் கொடுத்து, எது விடியல், எது மாலை என்று கேளுங்கள். ஆறில் குறைந்தது நான்கு சரியாக வரும்வரை புது ஆள், புது உடை எதுவும் சேர்க்காமல், நிரப்பு விழுக்காடுகளையும் கடைகள் திறந்து மூடும் நேரத்தையும் மட்டும் திருத்துங்கள். அதே பதிவில் வேறு ஒருவர் ஒரு ஆளை மட்டும் விரலால் பின்தொடரட்டும்: எங்கிருந்து வந்தார், எதற்கு வந்தார், எங்கே போனார் என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்காத ஆட்களை எண்ணுங்கள். பத்தில் மூன்றுக்கு மேல் போனால் பிறப்பிடங்கள் தவறான மூலையில் இருக்கின்றன.